தேரியும் கொற்கையும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டிற் பிறந்தவர்க்கு நிலம் என்றால் வயல். நீர் என்றால் ஆறு. குடமுருட்டியாற்றின் கரையில் ஒரு சிற்றூரிற் பிறந்து வளர்ந்த எனக்கும் அங்ஙனமே. எங்கள் ஊரில் எத்திசை நோக்கினும் கண்ணுக்கெட்டியவரையில் வரப்பும் வாய்க்காலும் நாற்றுமே தோன்றும். ஒரு கருங்கல் வேண்டுமாயின் வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொணர்தல் வேண்டும். மலை என்று ஒன்றை யான் முதன்முதலிற் கண்டது என் பன்னிரண்டாம் வயதில், திருச்சிராப்பள்ளிக்குச் சென்றபோதுதான்.

இத்தகைய ஒருவன் பிற்காலத்தில் ஐந்திணையைப் பாடஞ் சொல்லும் தொழிலை மேற்கொண்டான். மருதத்தைப் பற்றிச் சொல்லுங்கால் வகுப்பறைச் சாளரத்தின் வழியே கையை நீட்டிக் காட்டினாற் போதும். நெய்தலுக்கு நாகப்பட்டினமும் பூம்புகாரும் அண்மையில் இருந்தன. குறிஞ்சியும் முல்லையும் நூல்வழியே தெரிந்தவை. பாலைக்கு மட்டும் யான் ஒரு முன்னுரை வைத்திருந்தேன். "பாலை எனத் தனியே ஒரு நிலம் இல்லை. தொல்காப்பியர் நால்வகை நிலத்திற்கே தெய்வம் கூறினார். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் உணர்த்துகின்றது. ஆதலால் பாலை என்றவுடன் அரபு நாட்டு மணலை நினையாதீர்கள். அத்தகைய மணற்காடு தமிழகத்தில் இல்லை" என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் மாணாக்கர்க்கு உரைத்து வந்தேன். இவ்வுரையில் முற்பகுதி நூல்களிற் கண்டது. இறுதி வாக்கியம் யானே சேர்த்துக்கொண்டது. அதனை எங்குக் கற்றேன் என்று எவரும் என்னை வினவியதில்லை. யானும் என்னை வினவிக்கொண்டதில்லை.

பணி ஓய்வு பெற்ற பின்னர், 2024ஆம் ஆண்டு ஆனித் திங்களில், தமிழாசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஐந்திணை பற்றி மூன்று நாள் உரையாற்றத் திருச்செந்தூருக்கு அழைக்கப்பட்டேன். முதல் நாள் முற்பகலில் மேற்கூறிய முன்னுரையை வழக்கம்போற் கூறி முடித்தேன். பின் இருக்கையிலிருந்து இளைஞர் ஒருவர் எழுந்தார். அவர் அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்.

"ஐயா, தாங்கள் தேரியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"தேரி என்பது மணற்குன்று. சொல் தெரியும், தம்பி. கண்டதில்லை" என்றேன்.

"என் பள்ளிப் பிள்ளைகளுட் பலர் தேரியின் ஓரத்தில் குடியிருப்பவர்கள். தமிழ்நாட்டில் மணற்காடு இல்லை என்று யான் அவர்களுக்குச் சொன்னால், அவர்கள் சாளரத்தின் வழியே கையை நீட்டிக் காட்டுவார்கள். அப்போது யான் என்ன விடை கூறுவது?"

வகுப்பில் சிலர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை. யானும் விடை கூறவில்லை. பிற்பகல் உரை முடிந்ததும் என்னை அங்கே அழைத்துச் செல்லுமாறு அவரையே வேண்டினேன்.

திருச்செந்தூரின் கடற்கரை மணல் வெளிர்நிறமானது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்று காயாமொழி என்னும் ஊரைக் கடந்தவுடன் நிலம் நிறம் மாறிவிடுகின்றது. முதலில் சாலையோரத்தில் செம்மண் சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றிற்று. பின்னர் வேலி மறைந்தது, வீடு மறைந்தது, செங்கற்பொடியைக் குவித்தாற்போன்ற மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேட்டின் முதுகில் காற்று வரைந்த வரிகள் அலை அலையாகக் கிடந்தன. இதுவே குதிரைமொழித் தேரி. இதனையன்றிச் சாத்தான்குளம் முதலிய இடங்களிலும் தேரிகள் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரப் பகுதியில் இச்செம்மணல் திட்டுத் திட்டாகப் பரந்துள்ளது.

மணலுக்கு இச்செந்நிறம் வந்தது எவ்வாறு? மணலின் ஒவ்வொரு பரலின்மேலும் இரும்புத் துரு மெல்லிய தோல்போற் படிந்திருப்பதே காரணம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையிற் பரப்பினால் அப்பரல்கள் தினையினும் சிறியனவாய் மினுமினுக்கும். இனி, இவ்வளவு மணல் குவிந்தது எவ்வாறு? அதற்குக் காற்றையே கேட்டல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே ஈரமின்றி இப்பக்கம் பாய்கின்றது. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் ஓயாது வீசும் இக்காற்றை இவ்வூரார் மேல்காற்று என்கின்றனர். மேற்கே நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண் தரையைச் சுரண்டிக் கொணர்ந்து இங்கே குவித்தது இதுவே என்பது நிலநூலார் கூறும் விளக்கங்களுள் ஒன்று. எங்கள் தஞ்சையில் ஆனி, ஆடியில் வீசும் காற்றும் இதன் உறவினன்தான். ஆயினும் அங்கே அது புதுப்புனலோடு சேர்ந்து வருவதால் யாம் அதனை வாழ்த்துகிறோம்.

தேரி முற்றும் வறண்ட வெளியன்று. பனைகள் உண்டு; உடைமரங்கள் உண்டு; கொல்லாமரங்கள் உண்டு. இவற்றுட் சில, மணல் நகர்ந்து ஊர்களை மூடாதிருக்கும்பொருட்டு நடப்பட்டவை. ஆங்கிலேயர் காலத்திலேயே இப்பணி தொடங்கிவிட்டது. கழுத்தளவு மணலிற் புதைந்தும் குருத்தை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பனைகளைப் பார்த்தேன். பக்கத்திலேயே, காற்று அடிமணலை அரித்துக்கொண்டு போனமையால் வேர்க்கற்றை முழுதும் வெளியே தெரிய நிற்கும் பனை ஒன்று. இரண்டும் ஒரே ஆண்டில் முளைத்தவையாகவும் இருக்கலாம்.

ஒரு பனையின் அடியில் முதியவர் ஒருவர் முருக்குத்தடியைச் சார்த்திவிட்டு அமர்ந்திருந்தார். ஆசிரியர் அவரை அண்ணாச்சி என்று அழைத்து, என்னைத் தஞ்சாவூரார் என்று அறிமுகம் செய்வித்தார். அவர் ஓலைப்பட்டையில் பதநீரை வார்த்துக் கொடுத்தார். "தஞ்சாவூர்த் தண்ணி மாதிரி இருக்காது. குடிச்சுப் பாருங்க ஐயா" என்றார். அருந்தினேன். வெயிலில் நடந்துவந்த எனக்கு அதனினும் இனிய நீர் ஒன்று உண்டென்று அப்போது தோன்றவில்லை. காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு முப்பது பனைக்குமேல் ஏறியதுண்டு என்றும், தம் மக்கள் இருவரும் நகரத்தில் வேறு தொழில் பார்க்கின்றனர் என்றும், கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் இப்போது தம் மனைவியார் ஒருவரே இருக்கின்றார் என்றும் சொன்னார். துன்பமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, யான் சற்று அப்பாற் சென்றேன். எதிர் மேட்டின் அடியில் நீர் பளபளத்தது. குளம் போலும் என்று கருதி அதனை நோக்கி நடந்தேன். நடக்க நடக்க அது விலகிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேய்த்தேர் என்னும் சொல்லுக்குக் கானல்நீர் என்று எத்தனை முறை பொருள் எழுதிப் போட்டிருப்பேன்! அப்பேய்த்தேர் இப்போது என் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் அடிச்சுவடுகளைக் காணவில்லை. சில நொடிகட்குமுன் ஊன்றிய காலின் தடத்தையும் காற்று நிரப்பிவிட்டது. எல்லா மேடும் ஒரே மேடாக, எல்லாப் பனையும் ஒரே பனையாகத் தோன்றின. கூவினேன், மேல்காற்று என் குரலை வேறு பக்கம் எடுத்துச் சென்றது. மிதியடிக்குள் புகுந்த மணல் அடிப்பாதத்தைச் சுட்டது. பாலைக்கலியை நடத்துங்கால் தலைவன் போகும் வழியின் கொடுமையை மிகைபடக் கூறுவது புலவர் வழக்கு என்று யான் ஒருமுறை வகுப்பிற் சொன்னது நினைவுக்கு வந்தது. நா வறண்டிருந்த அந்த வேளையில் அதனை நினைந்து நாணினேன்.

சிறிது நேரத்தில் பனையேறும் முதியவரே என்னைக் கண்டுபிடித்தார். "மேல்காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நடந்தா கடற்கரைக்குப் போயிரலாம் ஐயா. தேரியில இது ஒண்ணுதான் வழி" என்றார். கூட்டிக்கொண்டு போகும்போது தமக்குள் சிரித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

தேரிக்குள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கின்றது. பெயருக்கேற்ப அங்கே ஒரு சுனை. செம்மணல் சூழ்ந்த வெளியில் மரநிழலும் நீரும் திடீரெனத் தோன்றக் கண்டு வியந்தேன். ஆசிரியர் அதன் காரணத்தை விளக்கினார். தேரியிற் பெய்யும் மழை ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே உள்ளிறங்கிவிடும். மணலின் மேற்பரப்பு உலர்ந்தாலும் அடியில் ஈரம் தங்கும். பள்ளமான இடங்களில் அது ஊற்றாய் வெளிப்படும். பனைகள் உயிர்வாழ்வதும் இந்நீரால்தான். மற்றோரிடத்தில் கற்குவேல் அய்யனார் கோயில் உள்ளது. கார்த்திகைத் திங்களின் முடிவில் அங்கே கள்ளர்வெட்டு என்னும் திருவிழா நிகழும். அன்று கூடும் மக்கள் தேரி மணலை முடிந்துகொண்டு போய்த் தத்தம் வீட்டிலும் தோட்டத்திலும் இடுவர். மணலைக் கண்டு அஞ்சிய எனக்கு அதுவும் ஒரு பாடமாயிற்று.

திரும்பும் வழியில் ஆசிரியர் ஓரிடத்தில் குனிந்து ஒரு கல்லைக் காட்டினார். நகத்தளவே இருந்தது, ஒரு பக்கம் கத்தியின் வாய்போற் கூர்மையாகச் செதுக்கப்பட்டிருந்தது. உலோகம் அறியாத பழங்காலத்து மக்கள் அம்புமுனையாகவும் சுரண்டும் கருவியாகவும் பயன்படுத்திய நுண்கற்கருவிகளுள் அஃது ஒன்று. தேரிகளில் இத்தகையன பல இடங்களிற் கிடைக்கின்றன. சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் இவற்றை ஆராய்ந்து 1956இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர். யான் கையை நீட்டினேன். "எடுக்க வேண்டா ஐயா. கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் அதற்குப் பொருள்" என்று தடுத்துவிட்டார். சொற்களைப் பற்றி யான் வகுப்பிற் கூறுவதும் இதுவேயாதலின் மறுமொழி கூற இயலவில்லை.

அன்றிரவு அவர் மற்றொரு வினாவும் எழுப்பினார். "கொற்கையையும் ஆதிச்சநல்லூரையுமேனும் பார்த்திருக்கிறீர்களா?" கொற்கை முத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசியவன் யான். இல்லை என்று கூற நா எழவில்லை; ஆயினும் கூறினேன். மறுநாள் என் உரை பிற்பகலில்தான். ஆதலால் விடியுமுன்னரே புறப்பட்டோம்.

திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலை ஆழ்வார்திருநகரியை அணுகும்போது செம்மணலும் உடைமரமும் பின்தங்கிவிடுகின்றன. இருமருங்கும் வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் தோன்றுகின்றன. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமே உடைய பொருநை, அதாவது தாமிரவருணி, காவிரியை நோக்கச் சிறிய ஆறுதான். ஆயினும் பொதிய மலையிற் பிறந்து, தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே ஓடிக் கடலில் கலக்கும் அது, இரு பருவத்தாலும் நீர் பெறுகின்றது. நாற்றின் வாடை பட்டவுடன் என் நெஞ்சு குளிர்ந்தது. முந்திய நாள் ஒரு பிற்பகல் மணலில் நின்றதற்கே இவ்வளவு ஏக்கம்!

ஆதிச்சநல்லூர் ஆற்றின் தென்கரையில் உள்ள மேட்டுநிலம். நெல் விளையும் நிலத்தைத் தொடாமல், விளையாத பரல்மேட்டைத் தம் முன்னோர்க்கு ஒதுக்கியிருக்கின்றனர் அக்காலத்தவர். 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேட்டில் பாறையைக் குழித்துத் தாழிகளை இறக்கியுள்ளனர். 1876இல் பெர்லின் நகரத்திலிருந்து வந்த யாகோர் என்பவர் முதலில் இங்கே தோண்டினார். கிடைத்தவற்றைத் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றார். அவருக்குப் பின்னர், அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்லியல் அதிகாரி 1899ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். இரும்பு வாள்களும் வேல்களும், விலங்கும் பறவையும் மேலமைந்த வெண்கல மூடிகளும், நெற்றியிற் கட்டும் பொற்பட்டங்களும் வெளிவந்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு நூற்றாண்டு கழித்து 2004, 2005ஆம் ஆண்டுகளில் நடுவண் அரசின் தொல்லியல் துறையினர் மீண்டும் தோண்டியபோது நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். இப்போது அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடி பொருத்தி, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே காணுமாறு செய்துள்ளனர்.

அக்கண்ணாடியின்மேல் நிற்கத் தயங்கி ஓரமாக நின்று நோக்கினேன். என் இரு கைகளாலும் தழுவ முடியாத பெருவயிற்றுத் தாழி ஒன்று. அதனருகே சிறு கலங்கள், உணவு வைத்தவை. ரீ தாம் தோண்டியபோது சில கலங்களில் நெல்லுமியும் தினையுமியும் இருந்ததை எழுதிவைத்துள்ளார். பொருநையின் வடகரையில் உள்ள சிவகளையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தோண்டியபோதும் ஒரு தாழியில் நெல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று அந்நெல்லின் காலத்தைக் கணித்துக் கி.மு. 1155 என்று கூறிற்று. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் இச்செய்தி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகட்கு முன்னர் யாரோ ஒருவர், இறந்துபோன தம் உறவினர்க்கு வழியில் பசிக்குமே என்று இட்ட நெல் அது. நெல்லென்றால் காவிரி, காவிரியென்றால் நெல் என்று எண்ணி இறுமாந்திருந்த தஞ்சாவூரான் ஒருவன் அம்மேட்டில் நெடுநேரம் பேசாது நின்றான்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஏரல் வழியாகக் கொற்கைக்குச் சென்றோம். யான் நெஞ்சில் வரைந்து வைத்திருந்த கொற்கை வேறு. கடற்கரை, கலங்கள், முத்துக்குளிப்போர், சங்கின் ஓசை. வண்டி நின்ற இடத்தில் இருந்ததோ ஒரு குளம், அதன் கரையில் பழைய வன்னிமரம், செழியநங்கையின் சிறு கோயில், அப்பால் நெல்வயல், வாழை. உழவர் ஒருவர் மடை திறந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரைக் கொண்டுவந்து இங்கே வைத்தாற்போல இருந்தது.

"கடல் எங்கே?" என்று கேட்டேன்.

"கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும் ஐயா" என்றார் ஆசிரியர். "தாங்கள் நிற்கும் இடத்திற்குத்தான் அக்காலத்தில் அது வந்துகொண்டிருந்தது."

கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது போரன்று, ஆழிப்பேரலையுமன்று. பொருநை ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல்தான். கழிமுகம் சிறிது சிறிதாகத் தூர்ந்தது. கரை கிழக்கே நகர்ந்தது. கலங்கள் ஒருநாள் வாராதொழிந்தன. துறைமுகம் கடலைத் தேடிக்கொண்டு போயிற்று. கொற்கைக்குப் பின் ஆற்றின் முகத்தருகே காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ வந்து, அதன் செல்வத்தைக் கண்டு எழுதினார். பின்னர் அதனையும் மணல் கடலிலிருந்து பிரித்தது. இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊர் அதுவே. அதற்குப் பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். இறுதியில் ஆற்றின் வாயை விட்டே விலகி, வடக்கே தூத்துக்குடியில் துறைமுகம் நிலைத்தது. கொற்கை, காயல் ஆகிய இரண்டின் இடங்களையும் நேரிற் சென்று ஆராய்ந்து 1877இல் எழுதியவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல். அவர் தேரிகளுக்கு இடையிலுள்ள இடையன்குடியிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர். மொழியை ஆராய்ந்தவர் மண்வெட்டியையும் கையில் எடுத்தார் என்பதை அதுகாறும் யான் எண்ணிப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968, 1969ஆம் ஆண்டுகளில் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. சங்குகளும் முத்துச்சிப்பிகளும் நெல்வயலுக்கடியிலிருந்து வெளிவந்தன.

முதலாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டிலிருந்து வாணிகம் செய்த கிரேக்கர் ஒருவர் எழுதிய கடற்பயண நூல், கொற்கையைக் கொல்கொய் என்று குறிப்பிடுகின்றது. பாண்டியர்க்குரிய இத்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தனர் என்றும் அது கூறுகின்றது. முத்தின் ஒளியையே பேசி வந்த எனக்கு, மூச்சடக்கி மூழ்கியவர் யார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அந்நூலாசிரியர் போன்ற வணிகர் புறப்பட்ட செங்கடல் துறைகளும் இன்று உயிரோடில்லை. பெரனிகே, குசைர் அல்காதிம் என்னும் இடங்களில் மணற்பாலைக்கு நடுவே சுவர்த்தடங்களாகக் கிடக்கின்றன. அங்கே அகழ்ந்தவர்கள் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைக் கண்டனர். பெரனிகேயில் இந்தியத் தாழி ஒன்றினுள் ஏழரைக் கிலோ அளவுள்ள மிளகு இருந்தது. கலம் புறப்பட்ட இடத்தில் ஒரு துறை வயலாயிற்று. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு துறை மணலாயிற்று.

பிற்பகல் வகுப்பிற்கு நேரத்தோடு திரும்பினோம். அன்றைய உரைக்குக் குறித்து வைத்திருந்தது மருதம். அதனை விடுத்து, முதல் நாள் சொன்ன வாக்கியத்தை மீண்டும் எடுத்துக்கொண்டேன். தமிழகத்தில் மணற்காடு இல்லை என்றது என் பிழை என்று சொன்னேன். தேரி எத்திணையின்பாற்படும் என்னும் வினாவை ஆசிரியர்களிடமே விட்டேன். அது பாலையே என்று சிலர் வாதிட்டனர். பாலை என்பது திரிந்த நிலமாதலின், என்றும் மணலாயிருக்கும் தேரிக்கு அது பொருந்தாது என்றனர் வேறு சிலர். அய்யனார் சுனையையும் பனையையும் முன்வைத்து, பிரிவுக்குரிய நிலமன்று, குடியிருப்புக்குரிய நிலம் என்றார் ஓர் ஆசிரியை. மாலைவரை வாதம் தீரவில்லை. இளைஞராகிய அவ்வாசிரியர் அன்று ஒன்றும் பேசவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேயிருந்தார்.

மூன்றாம் நாள் உரையும் முடிந்து, புகைவண்டியில் தஞ்சைக்குத் திரும்பும்போது வேறொரு நினைவு என்னை உறங்கவிடவில்லை. பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் மாணாக்கரைப் பூம்புகாருக்கு அழைத்துச் செல்வேன். கடற்கரையில் அவர்களை நிறுத்தி, கிழக்கே கையைக் காட்டி, "புகார் முழுவதும் இதோ இந்தக் கடலுக்குள் இருக்கின்றது. இனிக் காண்பதற்கு ஒன்றும் இல்லை" என்பேன். நகரத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறுவது உண்மைதான். இன்றும் அக்கரையைக் கடல் அரித்துக்கொண்டுதான் இருக்கின்றது. பெருவெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் ஏற்றுக்கொள்ள, காவிரியோ அங்கே ஒரு வாய்க்கால்போற் சுருங்கிக் கடலை அடைகின்றது. ஆனால் நடுவண் அரசின் தொல்லியல் துறையினர் 1962 முதல் அங்கே நிலத்தைத் தோண்டி, கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையையும், படகு கட்டுதற்கு நட்ட மரத்தறிகளையும் கண்டனர். அம்மரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவினது. பல்லவனீச்சுரத்தில் பௌத்தப் பள்ளியின் அடித்தளத்தையும் கண்டனர். இவையெல்லாம் நூலகத்தில் யான் படித்தவையே. படித்திருந்தும், எத்தனை ஆண்டுகள், எத்தனை நூறு பிள்ளைகள்! ஒருவரையேனும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேற்கே நடக்கச் செய்ததில்லை. உணவுக்கு நேரமாயிற்று, பேருந்து நிற்கின்றது என்று விரைவுபடுத்துவேன்.

அவ்வாண்டு புரட்டாசித் திங்களில் என் பேரனை அழைத்துக்கொண்டு பூம்புகார் சென்றேன். கடற்கரைக்குப் போகாமல் கீழையூரிலேயே இறங்கினோம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. "படகுத்துறை தோண்டிய இடம் எது, அம்மா?" என்று நாற்றுக்கட்டுடன் நின்ற ஒரு பெண்மணியைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து, இடுப்பிற் கையூன்றியபடியே வயல்களுக்கு அப்பால் ஓரிடத்தைக் காட்டினார். "இந்த வரப்போட போங்க ஐயா. மழை பேஞ்சிருக்கு, வழுக்கும்" என்றார். பேரன் முன்னே ஓடினான். யான் மிதியடிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.